பி.ஆர். ஃபைல் யார் பெயரில்?

கோவை காந்திபுரத்திலோ அவிநாசி சாலையிலோ வெளிநாட்டுக் குடியேற்றத்துக்கு ஆலோசனை சொல்லும் அலுவலகத்துக்குள் கணவனும் மனைவியுமாகப் போய் உட்கார்ந்தால், முதல் கேள்வி பெரும்பாலும் ஆண் பக்கம் பார்த்தே வரும்: "சார், உங்க வயசு, படிப்பு, எக்ஸ்பீரியன்ஸ்?" மனைவியின் விவரம் கடைசியில், டிபென்டென்ட் என்ற கட்டத்தில் ஏறும். வீட்டிலும் அதே நினைப்புதான். "மாப்பிள்ளை பேருல போட்டாத்தானுங்க முறை" என்று மாமனாரே சொல்லிவிடுவார். கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இந்த முறையெல்லாம் கிடையாது. கணவன் மனைவி இருவரில் யார் வேண்டுமானாலும் முதன்மை விண்ணப்பதாரர் ஆகலாம். யார் பெயரில் ஃபைல் திறக்கிறது என்பதை வைத்தே கிடைக்குமா கிடைக்காதா என்பது பல வீடுகளில் முடிவாகிவிடுகிறது.

பி.ஆர். என்பது நிரந்தரமாகத் தங்கி வேலை செய்யும் உரிமை, குடியுரிமை அல்ல. இந்திய பாஸ்போர்ட் அப்படியே இருக்கும். துபாய், மஸ்கட் பக்கம் வேலைக்குப் போய் வந்தவர்களுக்கு இது கொஞ்சம் புதிது. அங்கே வேலை போனால் விசாவும் போகும், மனைவியின் விசா கணவன் விசாவில் தொங்கும். பி.ஆர். கிடைத்துவிட்டால், முதன்மை யார், உடன் வந்தவர் யார் என்ற பேச்சே அப்புறம் இல்லை. இருவருக்கும் தனித்தனியாக ஒரே உரிமை; இருவரும் எந்த வேலைக்கும் போகலாம். அதனால் மனைவி பெயரில் விண்ணப்பித்தால் கணவனுக்கு ஏதோ குறைந்துவிடும் என்ற பயத்துக்கு இடமே இல்லை.

கனடாவை எடுத்துக்கொள்வோம். 2015 ஜனவரியில் தொடங்கிய எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் வயது, படிப்பு, மொழி, வேலை அனுபவம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு, சி.ஆர்.எஸ். என்று மொத்தம் 1,200க்குக் கணக்கிடுகிறார்கள். தனி ஆளுக்கு வயதுக்கு அதிகபட்சம் 110. துணையோடு வந்தால் 100. படிப்புக்கு 150, துணையோடு 140. இப்படிக் குறைத்த 40 மதிப்பெண்ணைத் துணையின் பக்கம் வைத்திருக்கிறார்கள்: படிப்புக்கு 10, ஆங்கிலத்துக்கு 20, கனடாவில் வேலை பார்த்த அனுபவத்துக்கு 10. இங்கிருந்து போகிறவருக்குக் கடைசி 10 கிடைக்காது. ஆக, துணையால் கூடுவது அதிகம் போனால் 30.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம். ஆள் கற்பனை, எண்கள் நிஜம். கணவனுக்கு 36 வயது, பி.இ. மெக்கானிக்கல், கணபதி பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் பன்னிரண்டு வருட அனுபவம். ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சை எழுதினால் லிஸனிங்கில் 7.5, மற்ற மூன்றிலும் (ரீடிங், ரைட்டிங், ஸ்பீக்கிங்) 6.5 எடுக்கக்கூடியவர். கனடாவின் மொழி அளவுகோலில் அது 8ஆம் நிலை. மனைவிக்கு 30 வயது, எம்.இ., சரவணம்பட்டியில் நான்கு வருடம் சாப்ட்வேர் வேலை பார்த்துவிட்டு, குழந்தை பிறந்ததும் விட்டவர். அவர் லிஸனிங்கில் 8, மற்றவற்றில் 7 எடுத்துவிடுவார். அது 9ஆம் நிலை.

கணவன் பெயரில் போட்டால், வயதுக்கு 65, படிப்புக்கு 112, மொழிக்கு 88. மனைவியின் படிப்புக்கும் மொழிக்கும் சேர்த்து 30. படிப்பு, அனுபவம் இரண்டையும் மொழியோடு சேர்த்துத் தரும் கூடுதல் மதிப்பெண் 38. மொத்தம் 333. அதே ஜோடி, மனைவி பெயரில்: வயதுக்கு 95, படிப்புக்கு 126, மொழிக்கு 116, கணவனால் வருவது 20, கூடுதல் மதிப்பெண் 100. மொத்தம் 457. ஆட்கள் மாறவில்லை, சர்டிபிகேட் மாறவில்லை. ஃபைலின் மேல் எழுதிய பெயர் மட்டும் மாறியதில் 124 மதிப்பெண் வித்தியாசம்.

இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு இரண்டு காரணம். ஒன்று வயது. 29 வரை முழு மதிப்பெண்; 30 தொட்டதும் வருடத்துக்கு ஐந்து என்று இறங்கி, 40க்கு மேல் பத்துப் பத்தாகச் சரிந்து, 45இல் சைபர். நம்மூர்க் கல்யாணங்களில் மனைவி நான்கைந்து வயது இளையவராகவே இருப்பார் என்பதால் இது பெரும்பாலும் பெண் பக்கமே சாயும். இரண்டாவது, அந்தக் கூடுதல் மதிப்பெண். மொழியில் நான்கு பிரிவும் 9ஆம் நிலையைத் தொட்டால்தான் அது முழுசாக வரும். ஒன்றே ஒன்றில் தவறினாலும் பாதியாகிவிடும். மேலே சொன்ன பெண் ரைட்டிங்கில் 7க்குப் பதில் 6.5 எடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அரை பேண்டுக்கு மொழியில் 7 போகும், கூடுதலில் 50 போகும், ஆக 57. கணவன் பரீட்சை எழுதி, பட்டத்தை மதிப்பீட்டுக்கு அனுப்பி, அத்தனையும் செய்து சேர்ப்பதே 20தான். கையில் இருப்பது ஒருவருக்கான பரீட்சைக் கட்டணம் மட்டும் என்றால் (அதுவும் இப்போது 18,000 ரூபாயை ஒட்டி வந்துவிட்டது), முதன்மை விண்ணப்பதாரர் திரும்ப எழுதுவதற்கே அதைச் செலவழிக்க வேண்டும் என்பது என் கருத்து. பல ஜோடிகள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

வேலையை விட்ட பெண்ணின் அனுபவம் செல்லுமா என்ற சந்தேகம் எல்லா வீட்டிலும் வரும். செல்லும். கனடா பார்ப்பது கடந்த பத்து வருடத்தை. அதற்குள் குறைந்தது ஒரு வருடம் தொடர்ச்சியாகச் சம்பளத்துக்கு வேலை பார்த்திருந்தால் தகுதி உண்டு. நடுவில் மூன்று வருடம் குழந்தை வளர்த்ததற்கு யாரும் மதிப்பெண் பிடிப்பதில்லை. ஆனால் பத்து வருடக் கெடு நகர்ந்துகொண்டே இருக்கும். "பையன் ஸ்கூல் போகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளும் ஒவ்வொரு வருடமும் அனுபவத்தின் பழைய முனை உதிர்வதற்கும் வயது மதிப்பெண் குறைவதற்கும் வழிவிடும்.

சரி, 457 போதுமா? மதிப்பெண்ணில் முன்னால் நிற்பவர்களை விண்ணப்பிக்க அழைக்கும் ஒவ்வொரு தடவையையும் சுற்று என்பார்கள். உண்மையைச் சொன்னால் இன்றைக்குப் பொதுச் சுற்றுக்குப் போதாது. 2024க்கு 4,85,000 பேர், 2025க்கு 5 லட்சம் பேர் என்று பேசிக்கொண்டிருந்த கனடா, 2024 அக்டோபரில் 2025க்கான இலக்கை 3,95,000 ஆக வெட்டியது. துறை பார்க்காத சுற்றுகளும் கனடாவிலேயே வேலை பார்த்தவர்களுக்கான சுற்றுகளும் 500க்கு மேலேயே நின்றுவிட்டன. கனடா நிறுவனம் ஒன்றின் வேலைக் கடிதம் கையில் இருந்தால் 50, 200 என்று கிடைத்துவந்த மதிப்பெண்ணையும் 2025 மார்ச்சில் நீக்கிவிட்டார்கள். இப்போது மிச்சமிருக்கும் கதவுகள்: ஒரு மாகாணம் பரிந்துரைத்தால் வரும் 600, மருத்துவம் போன்ற குறிப்பிட்ட துறைகளுக்கான சுற்று, பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கான சுற்று. பிரெஞ்சுச் சுற்றுகள் 400ஐ ஒட்டியே பலமுறை முடிந்திருக்கின்றன. 333இல் நிற்கிற ஜோடிக்கு இவற்றில் பெரும்பாலானவை எட்டாது. 457இல் நிற்கிறவர் ஒன்றரை வருடம் பிரெஞ்சு படித்தால் ஏதாவது ஒன்றில் நுழைய வாய்ப்பிருக்கிறது. நர்ஸிங் படித்த மனைவி வீட்டில் இருக்க, பி.காம். படித்த கணவன் பெயரில் ஃபைல் திறப்பதுபோல் வீண் வேலை வேறில்லை.

இந்த இடத்தில் சிலர் ஒரு குறுக்கு வழி சொல்வார்கள். "துணை உடன் வரவில்லைன்னு போட்டுடுங்க, தனி ஆள் மார்க் வரும்" என்பார்கள். அப்படி ஒரு பிரிவு சட்டத்திலேயே இருக்கிறது என்பது உண்மை. நம் உதாரணத்தில் மனைவி அப்படி விண்ணப்பித்தால் 464 வரும். அதாவது 7 மதிப்பெண் லாபம். அந்த ஏழுக்காகக் கணவன் பிறகு ஸ்பான்சர் விண்ணப்பத்தில் காத்திருந்து போக வேண்டும். சேர்ந்து போகத் திட்டமிட்டுக்கொண்டே மதிப்பெண்ணுக்காக இப்படி எழுதினால் அது பொய்த் தகவல். கண்டுபிடித்தால் கனடாவில் ஐந்து வருடத் தடை. வராத துணையையும் ஃபைலில் காட்டித்தான் ஆக வேண்டும், அவருக்கும் மருத்துவப் பரிசோதனையும் போலீஸ் சான்றிதழும் உண்டு. கையிருப்புப் பணமும் இரண்டு பேருக்கான தொகைதான். துணைக்கு ஆங்கிலமே வராது, பட்டமும் இல்லை என்ற வீட்டில் இந்தப் பிரிவுக்கு ஓரளவு அர்த்தம் உண்டு. மற்றபடி ஆலோசகருக்குச் சுலபமான வழி, அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியா இதே விஷயத்தை வேறு விதமாக எடை போடுகிறது. 2019 நவம்பரில் மாற்றிய விதிப்படி தனி ஆளுக்கு 10 மதிப்பெண். துணை 45 வயதுக்குக் குறைந்தவராய், ஐஈஎல்டிஎஸ் நான்கிலும் 6 எடுத்து, தன் தொழிலுக்கான திறன் மதிப்பீட்டிலும் தேறி, அந்தத் தொழில் முதன்மை விண்ணப்பதாரரின் தொழில் இருக்கும் அதே பட்டியலில் இருந்தால் அதே 10. ஆங்கிலம் மட்டும் இருந்தால் 5. இரண்டும் இல்லையென்றால் சைபர். மொத்தம் 65 எடுத்தால் விண்ணப்பிக்கலாம் என்ற இடத்தில் 10 என்பது சின்ன எண்ணில்லை. மாநிலம் பரிந்துரைத்து வரும் 190 விசாவுக்கே 5தான் கூடுதல். 65 என்பதும் நுழையும் அளவுதான், சாப்ட்வேர் தொழில்களில் அழைப்பு அதைவிட மேலேதான் வரும். அதனால் மேலே சொன்ன ஜோடியில் கணவனின் மெக்கானிக்கல் பட்டத்தை என்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா அமைப்புக்கு அனுப்பி மதிப்பீடு வாங்குவது கனடாவில் அவர் சேர்க்கும் இருபதைவிடப் பயனுள்ள செலவு. இன்னொன்று: துணைக்கு அடிப்படை ஆங்கிலம் இருப்பதற்கு ஆதாரம் காட்டாவிட்டால், விசா முடியும் தறுவாயில் ஏறக்குறைய 4,900 ஆஸ்திரேலிய டாலர் தனியாகக் கட்டச் சொல்வார்கள்.

மதிப்பெண் கணக்கு இத்தனை. கொங்கு நாட்டு வீடுகளில் ஃபைல் சிக்குவது பெரும்பாலும் இதில் இல்லை, அடுத்து வரும் காகிதங்களில்.

முதல் சிக்கல் வேலை. திருப்பூரில் பனியன் கம்பெனியின் ஆபீஸ் முழுவதையும் ஒரு மருமகள் ஓட்டுவார். ஆர்டர், பில், ஆடிட்டர், பையர் மெயில் எல்லாம் அவர் கையில். ஈரோட்டில் ஜவுளி மொத்தக் கடை, கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி, எங்கும் இதே கதைதான். பத்து வருட அனுபவம். ஆனால் "நம்ம கம்பெனிதானே" என்று சம்பளமே எழுதியிருக்க மாட்டார்கள். கனடா சட்டத்தில் வேலை என்றால் சம்பளமோ கமிஷனோ வாங்கிச் செய்தது. வாங்காததற்கு மதிப்பெண் கிடையாது. மாமனார் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் மட்டும் வைத்தால் அதிகாரி நம்பவும் மாட்டார். பதவி, செய்த வேலைகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருடச் சம்பளம் எல்லாம் கடிதத்தில் இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் வங்கியில் மாதாமாதம் ஏறிய சம்பளம், படிவம் 16, வருமான வரிக் கணக்கு நிற்க வேண்டும். போகும் எண்ணம் லேசாக இருந்தால்கூட, மருமகளுக்கோ மகளுக்கோ இந்த மாதமே சம்பளத்தை வங்கி வழியாகப் போடத் தொடங்குங்கள். பழைய தேதி போட்டுக் கடிதம் தயாரிக்கலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது பணம். கனடாவில் இறங்கியதும் சமாளிக்க இரண்டு பேர் குடும்பம் கையில் காட்ட வேண்டியது, 2025இல் திருத்திய அளவுப்படி, ஏறக்குறைய 19,000 கனடா டாலர். குழந்தையோடு மூன்று பேர் என்றால் 23,000க்கு மேல். பொள்ளாச்சியில் பத்து ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கிற குடும்பத்துக்கு இது ஒரு தொகையா என்று தோன்றும். ஆனால் தோப்பு கணக்கில் வராது, வீடு வராது, பெட்டகத்தில் இருக்கும் நகை வராது. நம்மவர்கள் பணத்தை நிலத்திலும் பைனான்ஸிலும் ஏலச் சீட்டிலும் சுழல விடுகிறவர்கள். சேமிப்புக் கணக்கில் தூங்க விடுவதை ஒரு குற்றமாகவே நினைப்பார்கள். கனடா கேட்பதோ அந்தத் தூங்குகிற பணத்தைத்தான், அதுவும் கடந்த ஆறு மாதச் சராசரி இருப்போடு. போன வாரம் சீட்டு எடுத்து மொத்தமாகப் போட்ட பன்னிரண்டு லட்சத்துக்கு விளக்கம் கேட்பார்கள். நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ இருப்புக் காட்டுவது கடன். கடன் பணம் செல்லாது. அப்பா கொடுத்தது என்றால் திருப்பித் தர வேண்டியதில்லை என்று அவர் எழுதிய கடிதமும், அவருக்கு அந்தப் பணம் வந்த வழியும் வேண்டும். நிலம் விற்றதென்றால் கிரயப் பத்திரம். இது தவிர, 2024 ஏப்ரலில் நிர்ணயித்த கட்டணப்படி கணவன் மனைவி ஒவ்வொருவருக்கும் 1,525 கனடா டாலர் கட்ட வேண்டும்.

மூன்றாவது கல்யாணம். அருமைக்காரர் முன்னிலையில் எல்லாச் சீரும் செய்து, ஆயிரம் பேர் சாப்பிட்டுப் போன கல்யாணமாக இருக்கும். காகிதம் மட்டும் இருக்காது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009 வந்த பிறகு கல்யாணமான 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது கட்டாயம். அப்போதே செய்துவிட்டால் அழைப்பிதழும் போட்டோவும் சாட்சிகளும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். ஏழு வருடம் கழித்து விசாவுக்காக ஓடும்போது அழைப்பிதழே தேட வேண்டியிருக்கும். அதைவிடத் தலைவலி பெயர். பெண்ணின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் அப்பாவின் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அதே இனிஷியல் முழுப் பெயராக விரிந்திருக்கும், ஆதாரில் கணவன் பெயர். பட்டத்தை மதிப்பீடு செய்யும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு இது மூன்று ஆள். பாரதியார் பல்கலைக்கழகமோ அண்ணா பல்கலைக்கழகமோ அனுப்பும் மதிப்பெண் பட்டியலிலும், பாஸ்போர்ட்டிலும், பரீட்சைக்குப் பதிவு செய்யும் பெயரிலும் ஒரே எழுத்து வரும்படி பார்த்துக்கொள்வது நல்லது. முடியாத இடத்தில், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம். கல்யாணத்துக்குப் பின் பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றுவது கட்டாயமில்லை என்பதையும் பலர் அறிவதில்லை.

இன்னும் கல்யாணமாகாதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தனி ஆளாக விண்ணப்பித்து, ஃபைல் ஓடிக்கொண்டிருக்கும்போது தை மாதத்தில் முகூர்த்தம் குறித்துவிடுவது இங்கே சர்வ சாதாரணம். நிச்சயதார்த்தம் மட்டும் என்றால் கவலையில்லை. தாலி கட்டிவிட்டால், பி.ஆர். ஆகக் கனடாவில் இறங்குவதற்கு முன் அதைத் தெரிவித்து, மனைவிக்கும் மருத்துவப் பரிசோதனை முடித்தாக வேண்டும். சொல்லாமல் 'சிங்கிள்' என்றே இறங்கினால், பின்னால் அந்த மனைவியைக் குடும்பப் பிரிவில் ஸ்பான்சர் செய்யும் உரிமையே போய்விடும். "ஒரு எட்டு போய் இறங்கிட்டு வந்துடறேன், அப்புறம் சொல்லிக்கலாம்" என்பது ஒரு குடும்பத்தையே இரண்டு கண்டத்தில் பிரித்துப் போடக்கூடிய யோசனை. பி.ஆர். மாப்பிள்ளை என்று ஜாதகம் வரும் பெண் வீட்டாரும், அவர் இறங்கிவிட்டாரா, எப்போது என்பதை விசாரிப்பதில் தவறே இல்லை.

முகவர்கள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கனடா விண்ணப்பத்துக்குக் காசு வாங்கி ஆலோசனை சொல்ல, அந்நாட்டின் 'ஆலோசகர் கல்லூரி' என்ற ஒழுங்குமுறை அமைப்பின் உரிமம் பெற்றவருக்கோ அந்நாட்டு வழக்கறிஞருக்கோதான் அனுமதி. உரிம எண்ணை இணையத்தில் சரிபார்க்கலாம். வேலைக் கடிதத்தை விலை பேசுகிறவர் மதிப்பெண்ணே இல்லாத சரக்கை விற்கிறார். கணவன் மாஸ்டர்ஸ் படிக்கப் போனால் மனைவிக்கு வேலை அனுமதி தானாக வரும் என்பதும் பழைய பேச்சு: 2025 ஜனவரி முதல், 16 மாதத்துக்குக் குறையாத மாஸ்டர்ஸ், முனைவர் படிப்பு, சில தொழில்முறைப் படிப்புகளுக்கு மட்டுமே அது உண்டு. வளைகுடாவில் இருந்து வந்தவர்கள், கடந்த பத்து வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து இருந்த ஒவ்வொரு நாட்டிலும் போலீஸ் சான்றிதழ் வாங்க வேண்டும். கனடாவின் அழைப்பு வந்தபின் விண்ணப்பிக்க 60 நாள்தான் அவகாசம் என்பதால் அதற்கு முன்பே கேட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

தோட்டம் வைத்திருக்கும் வீட்டில் ஒரு கேள்வி கண்டிப்பாக வரும்: நிலம் என்ன ஆகும்? இருக்கிற நிலத்துக்கும், பின்னால் அப்பாவிடமிருந்து வாரிசாக வரும் நிலத்துக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் வெளிநாட்டில் குடியேறி என்.ஆர்.ஐ. ஆனபின், அந்நியச் செலாவணிச் சட்டப்படி புதிதாக விவசாய நிலமோ தோப்போ பண்ணை வீடோ வாங்க முடியாது. பக்கத்துத் தோட்டம் விலைக்கு வருகிறது என்று காத்திருப்பவர்கள் போவதற்கு முன்பே முடிவெடுக்க வேண்டும்.

கடைசியாக, இறங்கியபின் நடப்பது. மனைவிக்கு அங்கே வேலை அமையும். கணவன் ஒரு மாதம் இருந்துவிட்டு, "கம்பெனியப் பாக்க ஆளில்லீங்க" என்று திரும்பிவிடுவார். கனடா பி.ஆர். தக்கவைக்க ஐந்து வருடத்தில் 730 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். இது ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. மனைவி அங்கே இருந்த நாள்கள் கோவையில் இருந்த கணவன் கணக்கில் சேராது. மனைவி 1,095 நாள் முடித்துக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் கணவன் பி.ஆர். காலாவதிக்கு நெருங்கியிருப்பார். முதல் மூன்று வருடம் கம்பெனியை யார் பார்ப்பது என்பதை அண்ணன் தம்பிகள் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டிய நேரம், ஃபைல் திறப்பதற்கு முன்புதான்.